சத்தம் எங்கே கெட்டது? வீட்டில் பாட்டுப் பதிந்து வெளியிடும் இருவருக்கான பிழை நீக்கும் வழி

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் வயலைக் கொத்திக்கொண்டு நிற்பதில்லை. வாய்க்காலோடு மேலே நடப்போம். தண்ணீர் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓர் உடைப்போ அடைப்போ திறக்காத துருசோ இருக்கும். இரணைமடுக் குளத்தின் கீழ் வளர்ந்த எனக்குப் பாட்டுப் பதிவும் அப்படித்தான் பிடிபட்டது. சத்தம் வாயில் தொடங்கி, அறைக்குள் நடந்து, மைக், வயர், இன்டர்ஃபேஸ் (மைக்கை லப்டொப்போடு இணைக்கும் பெட்டி), லப்டொப் என்று இறங்கிக் கடைசியில் கேட்பவரின் போனுக்குப் போகிறது. எங்கே கெட்டதோ அங்கேயே சரிசெய்தால் ஐந்து நிமிட வேலை. கீழே வந்து சரிசெய்யப் பார்த்தால் ஒரு கிழமை போய்விடும், அப்போதும் முழுதாகச் சரிவராது.

நானும் மச்சாளும் கிளிநொச்சியில் பத்துக்குப் பத்து அடி அறையொன்றில் பதிகிறோம். முதற்குரல் அவளுடையது. கீபோர்ட், தாளம், இரண்டாம் குரல் என்னுடையவை. அவள் கலியாணம் கட்டி முள்ளியவளைக்குப் போன பிறகு பாதிப் பாட்டுகள் இரண்டு வீடுகளில் பதியப்படுகின்றன. எங்களிடம் இருப்பது ஒரு கண்டென்சர் மைக், ஒரு டைனமிக் மைக், இரண்டு மைக் செருகக்கூடிய இன்டர்ஃபேஸ், ஒரு பழைய லப்டொப், அதில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருள். கீழே உள்ளவை எல்லாம் எங்களுக்கு வந்த கோளாறுகள். உங்கள் கோளாறு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ நேரே அங்கே போங்கள்.

மைக்கில் எதுவுமே விழவில்லை

கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் இன்டர்ஃபேஸிலிருந்து போக வேண்டும். ‘48’ என்று எழுதிய பொத்தானை அழுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அடுத்து, மென்பொருளில் நீங்கள் பதியும் தடத்துக்கு (ட்ராக்) இன்டர்ஃபேஸின் எந்த வாய் (மைக் செருகும் துளை) தெரிவாகியிருக்கிறது என்று பாருங்கள். மைக் முதலாம் வாயில், தடம் இரண்டாம் வாயில் என்று இருப்பதே அநேகமாகக் காரணம். விண்டோஸில் மைக்கைப் பயன்படுத்த மென்பொருள்களுக்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். சத்தம் விழுகிறது ஆனால் தூரத்தில் கேட்கிறது என்றால் மைக்கின் பின்பக்கத்தில் பாடுகிறீர்கள். பெரிய கண்டென்சர் மைக்குகளில் நுனியில் பாடக்கூடாது, பக்கவாட்டில் பாட வேண்டும். பெரும்பாலும் நிறுவனத்தின் சின்னம் பொறித்த பக்கம்தான் முன்பக்கம்.

பின்னால் ‘ம்ம்ம்’ என்று ஓடிக்கொண்டே இருக்கிறது

முதலில் அது மின்சாரத்தால் வரும் இரைச்சல்தானா என்று உறுதிசெய்யுங்கள். கீபோர்ட்டில் கீழ்ப்பக்கமாக உள்ள ‘ஜி’ சுரத்தை அழுத்திப் பிடியுங்கள். இலங்கை மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அந்த இரைச்சல் 50, 100, 150 ஹேர்ட்ஸ்களில் வரும். ‘ஜி’ சுரம் 49, 98 ஹேர்ட்ஸ்களில் இருக்கிறது. ஆகவே இரைச்சல் ‘ஜி’யோடு ஒட்டி, ஆனால் ஒரு துளி மேலே நிற்கும். அமெரிக்கர்கள் செய்த விளக்க வீடியோக்களில் 60 ஹேர்ட்ஸை வெட்டச் சொல்வார்கள். அது அவர்களின் மின்சாரம். அதைப் பார்த்து 60ஐ வெட்டிவிட்டு, ‘இரைச்சல் போகவில்லையே’ என்று நாங்கள் ஒரு மாதம் குழம்பினோம்.

மின்சாரம்தான் என்றால் வாய்க்காலோடு நடக்கத் தொடங்குங்கள். லப்டொப் சார்ஜரைக் கழற்றுங்கள். இரைச்சல் உடனே நின்றால் காரணம் சார்ஜர். இரண்டு பின் சார்ஜர் போட்ட லப்டொப்பின் இரும்பில் கை வைத்தால் ‘சுர்’ என்று ஒரு கூச்சம் தெரியுமே, அதுதான் இங்கே சத்தமாக வருகிறது. பதியும்போது பற்றரியில் ஓட விடுங்கள். நிற்கவில்லை என்றால் மின்விசிறியையும் அதன் ரெகுலேட்டரையும் அணையுங்கள், பிறகு எல்.ஈ.டி. பல்புகளை, பிறகு குளிர்சாதனப் பெட்டியை. ஒன்றை அணைத்ததும் பத்து செக்கன் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக அணைத்தால் சத்தம் நிற்கும், ஆனால் எது செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

கிற்றார் போன்ற வாத்தியம் என்றால் கம்பியில் கை வைத்துப் பாருங்கள். கை வைத்ததும் இரைச்சல் மாறினால் எர்த் சரியில்லாமல் இருக்கலாம், அல்லது வயரின் வெளிச்சுற்று அறுந்திருக்கலாம். வேறொரு வயரைப் போட்டுப் பார்ப்பதுதான் மலிவான சோதனை. கீபோர்ட், லப்டொப், இன்டர்ஃபேஸ் மூன்றையும் எர்த் உள்ள ஒரே மல்டி பிளக்கில் செருகுங்கள். ஒன்று விறாந்தையிலும் மற்றது அறையிலும் என்று வெவ்வேறு இடத்தில் செருகினால் எர்த் இரண்டு வழியால் சுற்றி இரைச்சல் வரும்.

ஆவணி, புரட்டாதி வறட்சியில் எங்கள் வீட்டில் இரைச்சல் கூடும், மழை விழுந்ததும் குறையும். காரணம் வளவில் அடித்த எர்த் கம்பி. மண் காய்ந்தால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கச் சிரமப்படும். வயரிங் செய்பவரைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். அது பாட்டுக்காக மட்டும் செய்யும் வேலை இல்லை, வீட்டில் உள்ளவர்களின் உயிருக்கும் அதுதான் காவல். இரைச்சல் போகட்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை முறிக்கச் சொல்பவர்கள் உண்டு. மைக்கில் உதடு படப் பாடுகிறோம். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஏற்கெனவே பதிந்த குரலில் இரைச்சல் இருந்தால், பெண் குரலுக்கு 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டலாம், குரல் கெடாது. 150இல் ஒடுக்கமாக ஒரு வெட்டுப் போடலாம். அதற்கு மேல் வெட்டினால் குரலின் உடம்பும் சேர்ந்து போகும். அதைவிடத் திரும்பப் பாடுவது நல்லது.

குரல் குளியலறையில் பாடியது போல இருக்கிறது

அறைக்கு நடுவில் நின்று ஒருதரம் கை தட்டுங்கள். ‘டிர்ர்’ என்று சுவருக்குச் சுவர் ஓடினால் காரணம் அறைதான். போருக்குப் பின்னர் வன்னியில் எழுந்த வீடுகளில் பெரும்பாலானவை சீமெந்துக் கல் சுவரும் சீமெந்து நிலமும் கொண்டவை. அறைகள் சதுரமாக, வெறுமையாக இருக்கும். குரல் போய் மோதித் திரும்பி மைக்குக்குள் விழும்.

முட்டை மட்டை ஒட்டாதீர்கள். அது மெல்லிய காகிதம், உயர்ந்த சத்தத்தை மட்டும் கொஞ்சம் மழுக்கும், குரலின் நடுப்பகுதி அப்படியே துள்ளும். சத்தத்தைக் குடிப்பது தடிப்பு. தடித்த பஞ்சு மெத்தை ஒன்று ஐம்பது முட்டை மட்டையைவிட மேல். அதைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் அரை அடி தள்ளி நிறுத்தினால் இன்னும் கீழ்ச்சத்தத்தையும் பிடிக்கும்.

மெத்தையை எங்கே வைப்பது என்பதில்தான் நாங்களும் பிழை விட்டோம். மைக்குக்குப் பின்னால் வைத்தோம். பார்த்தால் அதுதான் சரி போல இருக்கும். ஆனால் எங்களிடம் உள்ள மைக் முன்னால் வருவதைத்தான் கேட்கும், பின்னால் வருவதைத் தள்ளிவிடும். அதன் முன்னால் இருப்பது பாடுபவர், அவருக்குப் பின்னால் வெறுஞ்சுவர். அந்தச் சுவரில் மோதித் திரும்புவதெல்லாம் நேரே மைக்குக்குள் போகிறது. மெத்தையைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். ஒரே வரியை மெத்தை முன்னே வைத்து ஒருதரம், முதுகுக்குப் பின்னே வைத்து ஒருதரம் பதிந்து கேளுங்கள். இந்த ஒரு மாற்றம் நாங்கள் வாங்கிய எந்தப் பொருளையும் விட அதிகம் தந்தது.

எங்கள் வீட்டில் அருவி வெட்டு முடிந்த மாசங்களில் நெல் மூட்டைகள் அறையின் ஒரு மூலையில் கூரைவரை அடுக்கியிருக்கும். அந்த மாசங்களில் பதிந்த குரல்கள் எல்லாம் அமைதியாக இருக்கின்றன. நெல்லை விற்றதும் அறை திரும்பவும் முழங்கத் தொடங்கும். இப்போது அந்த மூலையில் மடித்த பழைய மெத்தைகள்.

கலவை (மிக்ஸிங்) செய்யும்போது பேஸ் என்ற கீழ்ச்சத்தம் ஒருநாள் கூடவும் ஒருநாள் குறைவாகவும் தெரிந்தால் அதுவும் அறையின் வேலை. பத்தடி அறையில் ஏறத்தாழ 57 ஹேர்ட்ஸ் சத்தம் சுவரோரம் பெருகும், நடுவில் காணாமல் போகும். நீளமும் அகலமும் ஒன்றென்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து அதைச் செய்யும். கதிரையை நடுவில் போடாதீர்கள், சுவரோடும் ஒட்டாதீர்கள். ஒரே இடத்தில் வைத்து நிலத்தில் சுண்ணாம்பால் குறி போடுங்கள்.

மயில், மழை, மோட்டர்

இதற்கு மென்பொருளில் தீர்வு தேடாதீர்கள், நேரத்தில் தேடுங்கள். தகரக் கூரையின் கீழ் ஐப்பசி முதல் மார்கழி வரை குரல் பதிவதை நாங்கள் விட்டுவிட்டோம். அந்த மாசங்களில் தாளமும் கீபோர்ட்டும் செய்வோம், அவை வயரால் நேரே போவதால் மழை அவற்றுக்குள் வராது. குரலெல்லாம் தை பிறந்த பிறகு.

தகரம் மழையில்லாமலும் பேசும். காலை எட்டு, ஒன்பது மணிக்குச் சூடேறும்போதும் பின்னேரம் ஆறும்போதும் ‘படக், டிக்’ என்று விரிந்து சுருங்கும். விடியலில் மயில் அகவும், பகலில் தோட்டத்து மோட்டர் ஓடும், பின்னேரம் பாண் ஓட்டோ பாட்டோடு வரும், இரவில் காட்டோரக் கிராமங்களில் யானை வெடி போடுவார்கள். எங்களுக்குக் கிடைத்த இடைவெளி இரவு பதினொன்று முதல் மூன்று வரை. உங்கள் வீட்டில் எப்போது என்று கண்டுபிடிக்க, ஒருநாள் முழுக்கப் போனில் மணிக்கு ஒருதரம் ஒரு நிமிடம் பதிந்து வையுங்கள். பிறகு அந்த இருபத்துநான்கையும் ஹெட்போனில் கேட்டால் போதும்.

குரல் உடைகிறது, அல்லது பொரிகிறது

இவை இரண்டும் வேறு வேறு. உச்சத்தில் பாடும்போது மட்டும் கரகரத்தால் கெயின் (மைக்கின் சத்தத்தைக் கூட்டும் இன்டர்ஃபேஸ் திருகு) கூடிவிட்டது. உடைந்த குரலை எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது. 24 பிட்டில் பதியுங்கள், பாட்டில் மிக உரத்த வரியை முதலில் பாடி, அளவுமானி -12 டெசிபெல்லுக்கு மேல் போகாதபடி கெயினை வையுங்கள். சோதனையில் எப்போதும் மெதுவாகப் பாடுவோம், உண்மையில் பாடும்போது உணர்ச்சி ஏறும். அந்த இடைவெளியை விட்டு வைக்க வேண்டும். பதிந்தது சத்தம் குறைவாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

யாரும் பாடாமலே பொரிவது போலச் சத்தம் வந்தால், அதுவும் மழைக்காலத்தில் என்றால், கண்டென்சர் மைக்குக்குள் ஈரம். சூடான, காய்ந்த அறையில் ஒருநாள் வைத்துவிட்டுப் பாருங்கள். பதிவு முடிந்ததும் காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வையுங்கள்.

பாடியது காதுக்குப் பிந்தி வருகிறது

புளூடூத் ஹெட்போனைக் கழற்றுங்கள். அது சத்தத்தைச் சுருக்கி அனுப்பி விரிப்பதற்குள் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். வயர் உள்ள ஹெட்போன்தான் பதிவுக்கு.

வயர் ஹெட்போனிலும் பிந்தினால் மென்பொருளின் பஃபர் அளவைப் பாருங்கள், லப்டொப் சத்தத்தை எவ்வளவு சேர்த்து வைத்து அனுப்புகிறது என்பதுதான் அது. 1024 என்று இருந்தால் உள்ளே வர ஏறத்தாழ 23 மில்லிசெக்கன், வெளியே போக அதேயளவு. பாடகருக்கு அது தெளிவாகத் தெரியும், தெரியாமலே தாளத்தை இழுத்துப் பாடுவார். 128 ஆக்குங்கள், 3 மில்லிசெக்கனுக்குள் வரும். விண்டோஸில் இன்டர்ஃபேஸோடு வரும் சொந்த டிரைவர் மென்பொருளைப் போட்டால்தான் இது சரிவரும். அப்படியும் லப்டொப் திணறினால் இன்டர்ஃபேஸில் ‘டைரெக்ட் மொனிட்டர்’ என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் குரல் லப்டொப்புக்குள் போகாமலே காதுக்கு வரும். அப்போது மென்பொருளில் அந்தத் தடத்தின் மொனிட்டரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே குரல் இரண்டுதரம் கேட்கும்.

பதிவுக்கு நடுவில் ‘டிக், டிக்’

லப்டொப் மூச்சுவாங்குகிறது. வைஃபையை அணையுங்கள், உலாவியை மூடுங்கள், மின்சேமிப்பு முறையை எடுங்கள், பாரமான தடங்களை ஆடியோவாக மாற்றி உறைய வையுங்கள். பஃபர் அளவைப் பதியும்போது 128, கலவை செய்யும்போது 1024 என்று மாற்றி மாற்றி வைத்தால் இந்தக் கோளாறில் பெரும்பகுதி போய்விடும்.

கரண்ட் போகும் இடத்தில் பதிகிறோம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. அந்த நாட்களில் பற்றரி செத்த லப்டொப்போடு ஒரு பாட்டின் முழுக் குரலையும் இழந்தோம். நிமிடத்துக்கு ஒருதரம் தானாகச் சேமிக்க வையுங்கள், அன்றைய பதிவை அன்றைக்கே வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள்.

இரண்டு குரலும் சேர்ந்தால் மெலிந்து போகிறது

தனித்தனியே கேட்டால் இரண்டும் நல்ல குரல். சேர்த்தால் தகர டப்பாவுக்குள் பாடியது போல. இது ஒன்றாக நின்று இரண்டு மைக்கில் பாடினால் வரும். மச்சாளின் குரல் அவளுடைய மைக்கில் உடனே விழுகிறது. அதே குரல் கொஞ்சம் பிந்தி என் மைக்கிலும் விழுகிறது. ஓர் அடி கடக்கச் சத்தத்துக்கு ஏறத்தாழ 0.9 மில்லிசெக்கன். அந்தப் பிந்தலால் சில சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

வாய்க்கும் மைக்குக்கும் ஓர் அடி என்றால் இரண்டு மைக்குகளுக்கும் இடையே மூன்று அடியாவது இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் ஒரே மைக்கின் முன் இருவரும் நில்லுங்கள். உரத்த குரல் ஒரு முழம் பின்னுக்கு. ஒரு மைக்கில் இந்தக் கோளாறு வராது, ஆனால் பிறகு ஒருவரை மட்டும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒருவர் பின் ஒருவராகப் பதிவது எல்லாவற்றிலும் இலகு. ஆனால் ஒருவரின் மூச்சை மற்றவர் பார்த்துப் பாடும்போது வருகிற ஒட்டுதல் அதில் கிடைக்காது. மெதுவான பாட்டுக்கு நாங்கள் இன்னமும் ஒன்றாகவே நிற்கிறோம்.

தனித்தனியே பதிந்தும் சேரவில்லையா? அப்போது மெய்யெழுத்துகளைக் கேளுங்கள். ‘காற்றில்’ என்ற சொல்லில் ‘ற்றி’ இரண்டு குரலிலும் வெவ்வேறு நேரத்தில் அடித்தால் காதில் இரண்டு அடி விழும். இரண்டாம் குரல் பாடுபவர் வல்லெழுத்துகளைக் கொஞ்சம் மழுக்கிப் பாட வேண்டும். வரியின் கடைசி ‘ம்’ இன்னும் முக்கியம். ‘வரும்’ என்று நீட்டும்போது ஒருவர் உதட்டை மூடிவிட மற்றவர் ‘ரு’விலேயே நின்றால், சுருதி சரியாக இருந்தும் குரல்கள் ஒட்டாது. நாங்கள் பாட்டுத் தாளில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் எத்தனையாவது தட்டில் உதட்டை மூடுவது என்று பென்சிலால் குறிக்கிறோம். பதினாறு வரிப் பாட்டுக்குப் பத்து நிமிடம் போகும். அதற்குப் பிறகு மென்பொருளில் வெட்டி ஒட்டும் வேலை அநேகமாக இருக்காது.

அடுத்த வீட்டிலிருந்து வந்த குரல் பாட்டோடு சேரவில்லை

முதலில் எப்படிச் சேரவில்லை என்று கேளுங்கள்.

தொடக்கத்திலிருந்தே வேகமாக, சுருதி ஏறி இருக்கிறதா? கீபோர்ட்டில் தேடினால் எந்தச் சாவியிலும் நிற்காமல் இரண்டு சாவிக்கு நடுவே விழுகிறதா? செக்கனுக்கு எத்தனை மாதிரி எடுப்பது என்ற அளவை (சாம்பிள் ரேட்) ஒருவர் 44,100இலும் மற்றவர் 48,000இலும் வைத்துப் பதிந்திருக்கிறீர்கள். 44,100இல் பதிந்ததை 48,000 என்று ஓட்டினால், வெள்ளை கறுப்பு எல்லாம் எண்ணி ஒன்றரைச் சாவி உயரும், மூன்று நிமிடப் பாட்டு 165 செக்கனில் முடிந்துவிடும். மச்சாள் முதல்முறை அனுப்பியபோது, “எனக்குத் தடிமன், அதுதான் குரல் மாறிட்டுது போல” என்றாள். நானும் நம்பிவிட்டேன். கோப்பின் மொத்த நீளத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. கோப்பை அதன் சரியான அளவில் திறந்து, மாற்றிச் சேமித்தால் போதும், திரும்பப் பாடத் தேவையில்லை. அடுத்த பாட்டிலிருந்து இருவரும் ஒரே அளவை வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது 48,000, ஏனென்றால் வீடியோவுக்கும் அதுதான்.

தொடக்கம் சரி, போகப்போக விலகுகிறதா? போனுக்கும் லப்டொப்புக்கும் உள்ளே ஓடும் கடிகாரங்கள் மயிரிழை வேறு. மூன்று நிமிடத்தில் செக்கனில் நூறில் ஒன்று இரண்டு பங்கு விலகலாம். மூச்செடுக்கும் இடங்களில் வெட்டி, ஒவ்வொரு வரியாக நகர்த்தினால் முடிந்தது.

முழுக்க ஒரே அளவு பிந்தி நிற்கிறதா? எம்பி3 ஆக அனுப்பியிருப்பார்கள். அப்படி மாற்றும்போது கோப்பின் முன்னால் ஒரு துளி வெறுமை சேரும். பாட்டின் முதல் தட்டில் ஒரு கைதட்டுப் பதியச் சொல்லுங்கள், இரண்டு கைதட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் சரி.

குரலே மங்கி, போனில் பேசியது போல இருந்தால் வட்ஸ்அப் குரலஞ்சலாக வந்திருக்கிறது. அது சத்தத்தை நசுக்கும். ‘ஆவணம்’ என்று தெரிந்து அனுப்பினால் கோப்பு அப்படியே வரும். 24 பிட், 48,000, ஒற்றைத் தடம் என்றால் நிமிடத்துக்கு 9 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. சிக்னல் குறைந்த இடத்தில் ஃபிளாக் (FLAC) கோப்பாக மாற்றினால் அநேகமாகப் பாதியாகும், தரம் ஒன்றும் குறையாது.

ஹெட்போனில் நல்லது, போனில் ஒன்றுமில்லை

எங்கள் பாட்டைக் கேட்பவர்களில் பெரும்பாலானோர் போனின் சின்ன ஸ்பீக்கரில்தான் கேட்கிறார்கள். அதில் 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக எதுவும் வராது. பேஸ் காணாமல் போனால் பேஸைக் கூட்டிப் பயனில்லை. அதன் மேல் லேசான கரகரப்பு ஒன்றைச் சேருங்கள். மேல்ச்சுரங்கள் கேட்டால் காது கீழ்ச்சுரத்தைத் தானாக நிரப்பிக்கொள்ளும்.

குரல் அல்லது கீபோர்ட் காணாமல் போனால் விஷயம் வேறு. இடமும் வலமும் எதிரெதிராக நின்று, ஒன்றாகச் சேரும்போது அழிந்துபோகின்றன. குரலை ‘அகலமாக்கும்’ செருகிகள்தான் (பிளகின்) வழக்கமான காரணம். எல்லாத் தடமும் சேரும் மாஸ்டர் தடத்தை மோனோ ஆக்கிக் கேளுங்கள், ஒவ்வொரு செருகியாக அணையுங்கள். அணைத்ததும் எது திரும்பி வருகிறதோ அதைப் பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மற்றவர்களின் பாட்டைவிட எங்கள் பாட்டு மெல்லக் கேட்கிறது

உச்சங்களை அடக்கிப் பாட்டை உரப்பாக்கும் லிமிட்டரை மேலும் மேலும் அழுத்துவதுதான் எல்லோருக்கும் வரும் எண்ணம். ஸ்பொட்டிபை எல்லாப் பாட்டையும் -14 எல்.யூ.எப்.எஸ். என்ற உரப்பு அளவுக்குக் கொண்டுவருகிறது, யூடியூப்பும் உரத்ததைக் குறைக்கிறது. நசுக்கிய பாட்டைக் கீழே இறக்கியபின் எஞ்சுவது உயிரில்லாத ஒரு பட்டை. -14ஐச் சுற்றி, உச்சம் -1 டெசிபெல்லைத் தாண்டாமல் வையுங்கள்.

அப்படியும் மெல்லக் கேட்டால் அளவைவிட்டு வாத்தியங்களின் ஒழுங்கமைப்பைப் பாருங்கள். எங்கள் பாட்டொன்றில் கீபோர்ட்டின் இடது கையும் பேஸும் பறையும் ஒரே இடத்தில் நெரிந்துகொண்டு நின்றன. இடது கையைத் தூக்கியதும் பாட்டு எழும்பி நின்றது.

பாட்டின் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை ஒட்டியிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் அச்சகமும் அலுவலகமும் நீண்டகாலம் பாமினியில்தான் ஓடின. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது உண்மையில் ஆங்கில எழுத்துத்தான். அட்டைப்படத்துக்குள் அது படமாகிவிடுவதால் பிழையில்லை. பாட்டை ஸ்பொட்டிபை போன்ற தளங்களுக்கு அனுப்பும் விநியோக நிறுவனத்தின் பெயர் நிரப்பும் கட்டத்தில் யூனிகோட் மட்டும். மொழி ‘தமிழ்’ என்று தெரிவாக வேண்டும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரம், அதில் போன் இலக்கமோ இணைய முகவரியோ இருந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

பாட்டு வேறு யாரோ ஒருவரின் பக்கத்தில் கிடக்கிறது

உங்கள் பெயரில் இன்னொரு கலைஞர் இருக்கிறார். அல்லது உங்கள் பெயரை ஒருமுறை ஒரு ‘எச்’ சேர்த்தும் ஒருமுறை விட்டும் ஆங்கிலத்தில் எழுதி, உங்களுக்கே இரண்டு பக்கம் பிறந்துவிட்டது. விநியோக நிறுவனத்துக்கு எழுதினால் மாற்றுவார்கள், ஆனால் நாளாகும். முதல் பாட்டுக்கு முன்பே ஆங்கில எழுத்துக்கூட்டலை இருவரும் முடிவுசெய்து எழுதி வையுங்கள். உலகம் முழுக்கப் புதுப்பாட்டு வருவது 2015 யூலையிலிருந்து வெள்ளிக்கிழமை. ஸ்பொட்டிபையின் தொகுப்பாளர்களுக்குப் பாட்டை முன்வைக்க வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்னால் வேண்டும். நான்கு கிழமை முன்பே ஏற்றினால் இந்தப் பக்கக் குழப்பத்தையும் அதற்குள் திருத்திவிடலாம்.

விநியோக நிறுவனத்தை மாற்றும்போது, பதிவை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற பழைய பாட்டின் 12 எழுத்துக் குறியீட்டை அப்படியே கொடுங்கள். புதிதாக எடுத்தால் இதுவரை கேட்ட எண்ணிக்கை பூச்சியமாகலாம்.

சொந்தப் பாட்டுக்கே யூடியூப்பில் உரிமைக் கோரிக்கை

பதறி மறுப்பு அனுப்ப முன், கோரியவர் யார் என்று பாருங்கள். உங்கள் விநியோக நிறுவனமே என்றால், பாட்டை ஏற்றும்போது யூடியூப்பில் உரிமை கோரும் கட்டத்தில் நீங்களே சரி போட்டிருக்கிறீர்கள். உங்கள் சானலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் தீரும்.

தெரியாத பெயர் என்றால், நீங்கள் வாங்கிய தாளத் துண்டை (லூப்) இன்னொருவரும் வாங்கி, முழுதும் தன்னுடையது என்று பதிந்திருக்கலாம். துண்டு வாங்கிய பற்றுச்சீட்டைக் காட்டி மறுப்புத் தெரிவியுங்கள். அவர்கள் பதில் சொல்ல 30 நாள் இருக்கிறது. இதற்காகவே நாங்கள் வாங்கிய துண்டுகளை விட்டுவிட்டு, உரலையும் சுளகையும் தட்டிப் பதிந்து தாளம் செய்கிறோம். அம்மம்மா புடைக்கும்போது சுளகு எழுப்பும் அந்தச் ‘சளக்’ எந்தக் கடையிலும் இல்லை.

கேட்கிறார்கள், காசு வரவில்லை

ஸ்பொட்டிபையில் 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டால்தான் பணம் சேரும். அதைத் தாண்டியும் வராவிட்டால், வரிப் படிவத்தை நிரப்பினீர்களா என்று பாருங்கள். அமெரிக்க நிறுவனங்கள் வெளிநாட்டவரிடம் டபிள்யூ-8 பென் என்ற படிவத்தைக் கேட்கும். அடுத்தது பெயர். வங்கிப் புத்தகத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் உங்கள் பெயரும் இருக்கும். நிறுவனத்துக்கு முழுப்பெயர் கொடுத்திருப்பீர்கள். எங்கள் முதல் பணம் அதனால்தான் வந்த வழியே திரும்பிப் போனது. புத்தகத்தில் உள்ளபடியே, புள்ளி, இடைவெளி உட்பட எழுதுங்கள்.

யாருக்கு எவ்வளவு என்பதில் மனக்கசப்பு

இதையும் கோளாறு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உறவுக்காரர் என்றால் கேட்கக் கூச்சம், கேட்காவிட்டால் உள்ளுக்குள் புகைச்சல். அதன் அடையாளம், ஒருவர் புதுப்பாட்டுக்கு நாள் சொல்லாமல் தள்ளிக்கொண்டே போவது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமை எழுதியவரின் ஆயுளோடும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நிற்கும். இருவர் சேர்ந்து செய்ததென்றால் கடைசியாக வாழ்ந்தவரிலிருந்து 70 ஆண்டு. எங்கள் பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் பேசவேண்டிய விஷயம் அது.

ஒரு பாட்டுக்கு ஒரு தாள். வரிகள் யார், மெட்டு யார், இசை யார், யாருக்கு எத்தனை வீதம், திகதி, இரண்டு கையெழுத்து. பாட்டைப் பதிந்த அன்றிரவே எழுதுங்கள், காசு வந்த பிறகு எழுதப் போனால் பேச்சு வேறு மாதிரிப் போகும். மச்சாள் தன் பிரதியை முள்ளியவளையில் வைத்திருக்கிறாள். என்னுடையது அம்மம்மாவின் காணி உறுதியோடு ஒரே பையில் இருக்கிறது.